முதல் ரோலை மாட்டுவதற்கு முன்: வாசகர் கேள்வி பதில்

கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து பழைய பிலிம் கேமராக்களைப் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில் அளிக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில், விவரம் கூடுதலாக இருந்த கடிதத்தை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: ஐயா, இணையத்தின் வழியாக பென்டாக்ஸ் கே1000 கேமரா ஒன்றை 50 மி.மீ. லென்ஸோடு வாங்கியிருக்கிறேன். கையேடு கிடைக்கவில்லை, விற்றவர் “எல்லாம் வேலை செய்யும்” என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. கைப்பேசியில் மட்டுமே படம் எடுத்துப் பழகியவள் நான். பிலிம் விற்கும் விலைக்கு, தவறாக எடுத்து வீணாக்கப் பயமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
- கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்

பதில்: பயப்படத் தேவையில்லாத கேமராவைத்தான் வாங்கியிருக்கிறீர்கள். 1976 முதல் 1997 வரை பெரிய மாற்றம் ஏதுமின்றித் தயாரிக்கப்பட்டு, பல நாடுகளில் புகைப்படம் பயிலும் மாணவர்களின் கையில் புழங்கியது இது. பிலிமுக்கு முன்னால் திறந்து மூடும் திரையான இதன் ஷட்டர் முழுவதும் இயந்திர விசையால் இயங்குகிறது. அடிப்பகுதியில் போடும் எல்ஆர்44 என்ற சிறிய பேட்டரி, வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டரின் ஊசியை அசைப்பதற்கு மட்டுமே தேவைப்படுகிறது. அந்த மீட்டருக்குத் தனி சுவிட்ச் கிடையாது என்பதால், லென்ஸ் மூடியைப் போடாமல் வைத்தால் பேட்டரி தானாகவே தீர்ந்துபோகும்.

பிலிம் வாங்குவதைச் சில நாள் தள்ளிப்போட்டு, வெறும் கேமராவோடு பழகுங்கள். இடப்புறம் உள்ள சுருட்டும் குமிழை மேலே இழுத்தால் பின்கதவு திறக்கும். லென்ஸைக் கழற்றிவிட்டு, ஷட்டர் வேகத்தை 1 வினாடியில் வைத்து, பிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளிப் பொத்தானை அழுத்துங்கள். திரை திறந்து நின்று மூடுவதைக் கண்ணால் பார்க்கலாம், காதாலும் கேட்கலாம். அது ஏறக்குறைய ஒரு வினாடி நிற்க வேண்டும். மூன்று வினாடி இழுத்தாலோ, திறந்தபடியே மாட்டிக்கொண்டாலோ, உள்ளே போட்டிருந்த எண்ணெய் பிசினாகிவிட்டது என்று பொருள். அடுத்து வேகத்தை 1/1000-க்கு ஏற்றி, கேமராவை வெளிச்சமான வானத்தின் பக்கம் திருப்பி, பின்புறமாகப் பார்த்தபடி அழுத்துங்கள். ஒரு கணம் தெரியும் அந்த வெள்ளைச் செவ்வகம் முழுமையாக இருக்க வேண்டும். ஒரு ஓரம் இருண்டிருந்தால் இரண்டு திரைகளும் ஒரே சீராக ஓடவில்லை. அந்த வேகத்தில் எடுக்கும் படங்களிலும் அந்த ஓரம் இருண்டே விழும். அதற்காகக் கேமராவை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. 1/500 வரை சரியாக இருந்தால் கற்றுக்கொள்வதற்கு அது போதும்.

கதவின் ஓரங்களிலும் பள்ளங்களிலும் ஒட்டியிருக்கும் கறுப்பு நுரைப்பட்டையை விரலால் தொட்டுப் பாருங்கள். கையில் தார் போல ஒட்டினால், வெளிச்சம் உள்ளே கசியும். விற்பவர்கள் சொல்லாமல் விடுவது பெரும்பாலும் இதைத்தான். ஆனால் எளிதாகச் சரி செய்யக்கூடியதும் இதுவே. பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, மெல்லிய கறுப்பு ஃபோம் பட்டையையோ, பள்ளங்களில் கறுப்புக் கம்பளி நூலையோ ஒட்டிக்கொள்ளலாம். சுரண்டும்போது துகள் ஷட்டர் திரைமேல் விழாமலும், விரல் அந்தத் திரையில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரோல் மாட்டும்போது வெயிலுக்கு முதுகைக் காட்டி நிழலில் நின்றுகொள்ளுங்கள். பிலிமின் நுனியைச் சுருளின் பிளவில் செருகி, இரு பக்கத்துப் பற்களும் துளைகளில் பொருந்தியதைப் பார்த்த பிறகே கதவை மூட வேண்டும். பிறகு சுருட்டும் குமிழின் கைப்பிடியை அம்புக்குறியின் திசையில் மெல்லத் திருப்பித் தளர்வை எடுத்துவிட்டு லீவரைத் தள்ளுங்கள். அந்தக் குமிழ் தானாகச் சுழன்றால் பிலிம் நகர்கிறது, சுழலாவிட்டால் நகரவில்லை. எண்ணிக்கைக் காட்டி நகர்வதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். உள்ளே பிலிமே இல்லாவிட்டாலும் அது நகரும். ஷட்டர் குமிழின் வெளிவளையத்தைத் தூக்கித் திருப்பி, பிலிம் வெளிச்சத்தை எவ்வளவு விரைவாக உணரும் என்பதைக் காட்ட ரோலின்மேல் அச்சிட்டிருக்கும் ஐஎஸ்ஓ எண்ணைச் சிறு சன்னலில் கொண்டுவந்து நிறுத்துவதையும் மறந்துவிடக் கூடாது. கடைசிப் படத்துக்குப் பிறகு லீவர் நகர மறுத்தால் வம்பு செய்யாமல், அடிப்பகுதியில் உள்ள சிறு பொத்தானை அழுத்திவிட்டுப் பிலிமை அதன் டப்பாவுக்குள் திருப்பிச் சுருட்டுங்கள். சுருட்டி முடிக்கும் வரை பின்கதவைத் திறக்கக் கூடாது.

முதல் ரோலுக்கு ஐஎஸ்ஓ 200 அல்லது 400 வண்ண நெகட்டிவ் பிலிம் போதுமானது. ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் வேகம், அப்பெர்ச்சர் (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையின் அளவு), அப்போதிருந்த வெளிச்சம் ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கைப்பேசியில் எடுத்த படத்துக்குள்ளேயே இந்த விவரம் பதிவாகிவிடும். பிலிமில் நீங்கள் எழுதினால்தான் உண்டு. எழுதாமல் எடுத்த ரோல் கழுவி வந்த பிறகு, எந்தப் படம் ஏன் நன்றாக வந்தது என்பதற்கு விடை கிடைக்காது.

கேள்வி: என் மீட்டர் ஊசி சரியாக நடுவில் நிற்கும்போதுதான் ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்துகிறேன். ஆனாலும் கடற்கரையில் வள்ளங்களுக்கு அருகே அப்பாவை நிறுத்தி எடுத்த படங்களில் கடலும் வானமும் அழகாக விழ, அப்பாவின் முகம் மட்டும் கரியாக வந்திருக்கிறது. மீட்டர் பழுதாகிவிட்டதா?
- வாசகர், குளச்சல்

பதில்: மீட்டர் நன்றாகவே வேலை செய்கிறது, கடலைச் சரியாக அளந்து கொடுத்திருக்கிறது. அந்தக் காலத்து மீட்டருக்கு முகம் எது, மணல் எது என்று தெரியாது. தன் முன்னே உள்ள வெளிச்சம் அனைத்தையும் கலந்து, அது ஒரு நடுத்தரச் சாம்பல் நிறமாகப் படத்தில் விழுவதற்கு என்ன வேண்டுமோ அதைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. பளபளக்கும் நீரும் வெயில் ஏறிய மணலும் படச் சட்டத்தில் முக்கால் பங்கை நிறைத்தால், அது தரும் கணக்கு அவற்றுக்குரியதாகவே இருக்கும். இடையில் நிற்கும் மனிதர் இருட்டில் போவார். இன்றைய கைப்பேசிகள் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்து இந்த வேலையைச் சொல்லாமலே செய்துவிடுவதால், நடுவில் ஊசி நின்றால் எல்லாம் சரி என்ற நம்பிக்கை நம்மிடம் வளர்ந்துவிட்டது.

ஆகவே அப்பாவுக்கு அருகில் சென்று, அவருடைய முகம் மட்டும் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரை நிறைக்கும்படி நின்று அளந்துகொள்ளுங்கள். அந்த வேகத்தையும் அப்பெர்ச்சரையும் மாற்றாமல் பழைய இடத்துக்குத் திரும்பி, ஊசி எங்கே போனாலும் கண்டுகொள்ளாமல் படம் எடுங்கள். நெருங்க முடியாத இடத்தில், அதே வெளிச்சம் விழும்படி உங்கள் உள்ளங்கையை லென்ஸுக்கு முன் நீட்டி அளந்து, அதைவிட ஒரு ஸ்டாப் கூடுதலாக வெளிச்சம் விடலாம். உள்ளங்கை நடுத்தரச் சாம்பலைவிட வெளுப்பானது என்பதே அந்த ஒரு ஸ்டாப்புக்குக் காரணம். ஸ்டாப் என்பது இரட்டிப்பு அல்லது பாதி: 1/250-இலிருந்து 1/125-க்கு இறங்கினாலும், அப்பெர்ச்சரை எஃப் 11-இலிருந்து எஃப் 8-க்குத் திறந்தாலும் உள்ளே வரும் வெளிச்சம் இரு மடங்காகிறது.

மீட்டரே இல்லாமல் வெளிச்சத்தைக் கணிக்கும் பழைய வழி ஒன்றையும் கூடவே பழகுங்கள். தெளிந்த வெயிலில், எதிரே இருப்பவர்மேல் நேராக வெளிச்சம் விழும்போது, அப்பெர்ச்சரை எஃப் 16-இல் வைத்து, பிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு நெருக்கமான வேகத்தைப் பயன்படுத்த வேண்டும். ஐஎஸ்ஓ 200 என்றால் 1/250. மணலும் கடலும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் கடற்கரையில், அந்த வேகத்திலேயே எஃப் 22. மெல்லிய மேகம் வெயிலை மங்கச் செய்தால் எஃப் 11. நிழலே விழாத மேகமூட்டம் என்றால் எஃப் 8. வானம் முழுதும் கறுத்திருந்தால் எஃப் 5.6, திறந்தவெளியின் நிழலில் எஃப் 4. ஆனி, ஆடியில் சாரல் விட்டு விட்டுப் பெய்யும் நம் பகுதியில், ஒரே மணி நேரத்துக்குள் இந்தப் படிகள் அத்தனையும் வந்து போவதைக் காணலாம். பயிற்சிக்கு அதைவிட நல்ல பருவம் கிடையாது. படம் எடுக்காத நாட்களிலும் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது வெளிச்சத்தை மனத்தில் கணித்துவிட்டு, கேமராவை எடுத்துச் சரிபாருங்கள். ஓரிரு மாதத்தில் ஊசியைப் பார்ப்பதற்கு முன்பே எண் நாவில் வந்துவிடும்.

ஐயம் வரும்போது நெகட்டிவ் பிலிமுக்குக் கூடுதலாகவே வெளிச்சம் கொடுங்கள். இரண்டு ஸ்டாப் கூடிப்போனாலும் பெரும்பாலும் நல்ல பிரிண்ட் எடுக்க முடியும். பதியாமல் விட்ட நிழலை எந்த ஸ்கேனராலும் மீட்க முடியாது. நெகட்டிவ் இல்லாமல் நேராகவே படம் விழும் ஸ்லைடு பிலிமுக்கு இது நேர்மாறு என்பதால் அந்தப் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள்.

கன்னியாகுமரியில் உதயசூரியனை எடுக்க விரும்புகிறவர்களும் இதே விதியைத்தான் திருப்பிப் போட்டுப் பயன்படுத்துகிறார்கள். சூரியனை விட்டுச் சற்றுத் தள்ளி வானத்தை மட்டும் அளந்து எடுத்தால், விவேகானந்தர் பாறையும் வள்ளுவர் சிலையும் கறுத்த வடிவங்களாக நிற்கும். அங்கே முகம் தெரிய வேண்டியதில்லை என்பதால் அது பிழையாகாது. சூரியன் மேலேறிவிட்ட பிறகு, குறிப்பாக நீண்ட லென்ஸ் வழியாக, அதை நேராகப் பார்க்காதீர்கள். கண்ணுக்கு நிரந்தரக் கேடு வரும்.

கேள்வி: வளைகுடாவில் வேலை பார்த்த மாமா ஊருக்குக் கொண்டுவந்த யாஷிகா எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என் கேமரா எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது. பேட்டரி கேட்டால் கடைக்காரர்கள் கையை விரிக்கிறார்கள். இதை ஓட்ட முடியுமா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: முடியும். இந்தக் கேமரா 5.6 வோல்ட் பாதரசப் பேட்டரிக்காக உருவாக்கப்பட்டது. பாதரசத்தின் நச்சுத்தன்மையால் அவை சந்தையிலிருந்து விலக்கப்பட்டுவிட்டன. இப்போது கிடைக்கும் 4எல்ஆர்44 என்ற 6 வோல்ட் பேட்டரியை, நீளத்தை ஈடுகட்டும் ஒரு சிறு குழாயும் ஸ்பிரிங்கும் சேர்த்துப் போட்டால் போதும். இந்தச் சிறு வோல்ட் வேறுபாட்டால் படங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் வருவதில்லை. முதலில் பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். பழைய பேட்டரி உள்ளேயே இருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். குழந்தைகள் கையில் அகப்படாதபடி மூடி வைத்து, மின்னணுக் கழிவோடு சேர்த்துவிடுங்கள். தகடுகளில் அல்கலைன் பேட்டரி கசிந்த பச்சையோ வெள்ளையோ படிந்திருந்தால், வினிகரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் துடைத்து, முழுவதும் உலரவிட வேண்டும்.

பேட்டரி இல்லாமல் இந்தக் கேமரா எப்போதும் 1/500 வேகத்தில் மட்டுமே இயங்கும். அந்தச் ‘சொடக்’ ஒலியைக் கேட்டுவிட்டு, கேமரா நலமாக இருக்கிறது என்று விற்பவர்களும் வாங்குபவர்களும் ஏமாறுவது வழக்கம். பேட்டரி போட்ட பின், அப்பெர்ச்சரை நீங்கள் தேர்ந்தெடுக்க, வேகத்தைக் கேமராவே முடிவு செய்யும். பொத்தானைப் பாதி அழுத்தும்போது மஞ்சள் விளக்கு எரிந்தால் வேகம் 1/30-க்குக் கீழே போகிறது என்று பொருள். கையில் பிடித்து எடுத்தால் அசையும். சிவப்பு எரிந்தால் வெளிச்சம் மிகுதி. எஃப் எண்ணைக் கூட்ட வேண்டும். வியூஃபைண்டரின் நடுவில் மஞ்சளாகத் தெரியும் கட்டத்தில் இரண்டு உருவங்களும் ஒன்றாகச் சேரும்வரை லென்ஸ் வளையத்தைத் திருப்புவதே இதன் போகஸ் முறை. ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வகைக் கேமராவில் நீங்கள் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல, அதற்கு மேலுள்ள தனிச் சன்னல் வழியாக. லென்ஸ் மூடியைப் போட்டபடியே ஒரு கல்யாணத்தை முழுதாக எடுத்து முடித்துவிட முடியும்.

கேள்வி: எங்கள் ஊரில் வருடத்தில் பாதி நாள் மழை. லென்ஸுக்குள் சிலந்தி வலை போல ஏதோ படர்ந்திருக்கிறது. பிரித்துத் துடைக்கலாமா? இனி வராமல் தடுக்க என்ன வழி?
- ரப்பர் தோட்ட உரிமையாளர், குலசேகரம்

பதில்: அது பூஞ்சை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் கிடைக்கும் மாவட்டத்தில், மலையடிவாரத்தில், ரப்பர் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் வீட்டில் அது வராமல் இருந்தால்தான் வியப்பு. அப்பெர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஓரத்தில் இரண்டு மூன்று இழைகள் இருந்தால் படத்தில் அதன் தடயமே தெரியாது, அப்படியே பயன்படுத்தலாம். கண்ணாடியின் நடுப்பகுதியை மூடியிருந்தால், குறிப்பாக எதிர்வெளிச்சத்தில், படங்கள் புகை படிந்தது போல வெளுத்துப்போகும். நீங்களே பிரிக்க வேண்டாம். லென்ஸின் கண்ணாடிகளைத் திரும்பக் கோக்கும்போது மயிரிழை மாறினாலும் போகஸ் போய்விடும். மேலும் பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டிருந்தால், துடைத்த பிறகும் அதன் தடம் நிற்கும். பழுதுபார்ப்பவர் கேட்கும் கூலிக்கு அதே வகையில் வேறொரு 50 மி.மீ. லென்ஸ் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தடுப்பதற்கு விலை உயர்ந்த பெட்டி தேவையில்லை. காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, அதில் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறு மானி ஆகியவை போதும். மானி 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிற்கட்டும். நிறம் மாறிய சிலிக்கா ஜெல்லைச் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம்; ஆனால் நீல வகையில் கோபால்ட் உப்பு இருப்பதால் சமைக்கும் சட்டியில் போடக் கூடாது. அரிசியை நிரப்பி வைப்பவர்கள் தூசியைத்தான் சேர்க்கிறார்கள். அந்துருண்டையும் ஆகாது, அதன் ஆவி பிளாஸ்டிக் பாகங்களைக் கெடுக்கும். கேமராவோடு வந்த அழகான தோல் உறையை எடுத்துத் தனியே வையுங்கள்; ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்ளும் அதனுள்தான் பூஞ்சை சுகமாக வளர்கிறது. கடற்கரைக்குப் போய் வந்த நாட்களில், உப்புப் படிந்த கேமராவின் வெளிப்புறத்தை லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காற்றாட உலர்த்திய பிறகே டப்பாவுக்குள் வைக்க வேண்டும்.

கேள்வி: பாட்டாவின் (தாத்தாவின்) பெட்டியில் ‘இந்து’ என்ற பெயர் போட்ட பிரிக்காத கறுப்பு வெள்ளை பிலிம் ஒன்று கிடைத்தது. மாட்டி எடுக்கலாமா?
- வாசகர், கருங்கல்

பதில்: உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட, அரசுக்குச் சொந்தமான ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்தது அது, அந்த ஆலை இன்று இயங்கவில்லை. காலாவதியாகிப் பத்து ஆண்டுக்கு ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் என்று ஒரு வழக்கு உண்டு என்றாலும், நம் ஊர் வெக்கையில் பெட்டிக்குள் கிடந்த பிலிமுக்கு அந்தக் கணக்கு சரிவராது. படம் விழுந்தாலும் மூட்டமாகத்தான் இருக்கும். பழகும் காலத்தில் புது பிலிமையே பயன்படுத்துங்கள். பாட்டாவின் ரோலை அட்டைப்பெட்டியோடு அப்படியே வைத்திருப்பதுதான் என் விருப்பம்.

கேள்வி: கறுப்பு வெள்ளை பிலிமை வீட்டிலேயே கழுவ ஆசை. புத்தகத்தில் 20 டிகிரி என்று போட்டிருக்கிறது. எங்கள் மேல்தொட்டித் தண்ணீர் காலையிலேயே 30 டிகிரி இருக்கிறது. என்ன செய்வது?
- பள்ளி ஆசிரியர், தோவாளை

பதில்: சூடு கூடினால் ரசாயனம் வேகமாக வேலை செய்யும், நேரத்தைக் குறைக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே நேரம் இறங்கினால் பிலிம் முழுதும் ஒரே சீராகக் கழுவப்படாது என்பதுதான் சிக்கல். எடுத்துக்காட்டாக இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் பிலிமை டி-76 என்ற டெவலப்பர் கரைசலில் நீர் கலக்காமல் கழுவ, 20 டிகிரியில் ஏழரை நிமிடம் ஆகும். அதே கரைசலில் சம அளவு தண்ணீர் கலந்தால் 11 நிமிடம். எனவே உங்களுக்கு ஏற்றது நீர் கலந்த கரைசல்தான். முந்தைய இரவே மண்பானையில் நீரை ஊற்றி வைத்து, காலையில் ஒரு வாளியில் அந்த நீரோடு ஐஸ் கட்டிகளைப் போட்டு, ரசாயனக் குப்பிகளை அதற்குள் நிறுத்துங்கள். ஐஸை ரசாயனத்துக்குள் போட்டால் கலவை நீர்த்துவிடும். 20-க்கு இறக்க முடியாமல் 24-இல் நின்றாலும் பரவாயில்லை; பிலிம் தயாரிப்பாளர் வெளியிட்டிருக்கும் அட்டவணையைப் பார்த்து நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். படத்தை வெளிக்கொணரும் டெவலப்பர், அதை நிலைநிறுத்தும் ஃபிக்சர், கழுவும் நீர் மூன்றும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருப்பது அதைவிட முக்கியம். கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீரைப் பயன்படுத்தினால் உப்புக்கறை படியாது. தீர்ந்த ஃபிக்சரில் வெள்ளி கரைந்திருக்கும். அதைக் கிணற்றடியிலோ தென்னைக்கோ ஊற்றாதீர்கள். வண்ண பிலிமுக்கு 37.8 டிகிரியில் மூன்றே கால் நிமிடம் என்ற கண்டிப்பு உண்டு. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஊரிலிருந்து திருவனந்தபுரம் வழியாக துபாய்க்குத் திரும்பும்போது பிலிம் ரோல்களை எடுத்துச் செல்கிறேன். எக்ஸ்ரே கெடுக்குமா?
- வாசகர், இரணியல்

பதில்: சரக்காக அனுப்பும் பெட்டியில் ஒருபோதும் வைக்காதீர்கள், அங்கே கதிரின் வலிமை அதிகம். கைப்பையில் ஒளி ஊடுருவும் உறையில் தனியே வைத்து, கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேளுங்கள். பழைய வகை எக்ஸ்ரே இயந்திரத்தில் ஐஎஸ்ஓ 400 வரை உள்ள பிலிம் ஓரிரு முறை போய்வந்தால் பெரிய கேடில்லை. புதிதாக வரும் சிடி ஸ்கேனர்கள் ஒரே முறையில் மூட்டம் போட்டுவிடக்கூடியவை.

கேள்வி: முப்பத்தாறு படம் எடுத்தேன். கழுவிக் கொடுத்தவர், ஒன்றுகூட விழவில்லை என்று வெறும் பிலிமைத் திருப்பித் தந்தார். தவறு என்னுடையதா, அவருடையதா?
- வாசகர், தக்கலை

பதில்: அந்த பிலிமைத் தூக்கி எறியாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரங்களில் பிலிமின் பெயரும் படங்களின் எண்களும் தெளிவாக அச்சாகியிருந்து, நடுவில் மட்டும் வெறுமையாக இருந்தால், கழுவியவர்மேல் பிழையில்லை. பிலிமுக்கு வெளிச்சமே போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் மாட்டும்போது நுனி சுருளில் பிடிக்காமல், நீங்கள் எடுத்த முப்பத்தாறு படங்களின்போதும் பிலிம் டப்பாவுக்குள்ளேயே இருந்திருக்கும். ஷட்டர் திறக்காமல் போயிருக்கவும் வாய்ப்புண்டு. அதை மார்த்தாண்டம் வாசகிக்குச் சொன்ன முறையில் சோதிக்கலாம். ஓரத்து எழுத்துகளும் இல்லாமல் பிலிம் முழுதும் வெறுமையாக இருந்தால், கழுவும் இடத்தில் ரசாயனம் கெட்டிருக்கிறது அல்லது வரிசை மாறியிருக்கிறது. ஓரத்து எழுத்துகள் தயாரிக்கும்போதே ஒளியால் பதிக்கப்பட்டவை என்பதால், சரியாகக் கழுவியிருந்தால் அவை கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். பிலிம் முழுவதும் கறுத்துப்போயிருந்தால் இடையில் யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள். நீங்கள் விவரித்திருப்பதை வைத்துப் பார்த்தால் முதலாவதாகத்தான் தோன்றுகிறது. அடுத்த ரோலை மாட்டிய பிறகு லீவரைத் தள்ளும்போதெல்லாம் இடப்புறக் குமிழ் சுழல்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.